கொரோனர் கத்தி எடுப்பவர் அல்லர்

ஆங்கிலத் துப்பறியும் நாவல்களைத் தமிழாக்குகிறவர்கள் கொரோனர் (coroner, சந்தேகச் சாவை விசாரிக்கிற அதிகாரி) வரும் இடத்தில் ‘பிரேதப் பரிசோதனை அதிகாரி’ என்று போட்டுவிடுகிறார்கள். இன்னும் எத்தனை புத்தகத்தில்தான் இதைப் பார்ப்பது?

லத்தீனில் கொரோனா என்றால் கிரீடம். (வைரஸுக்கும் அதே கிரீடம்தான்.) அரசருக்குச் சேர வேண்டியதைக் காக்க 1194இல் இங்கிலாந்தில் ஏற்பட்ட பதவி இது. காலப்போக்கில் சந்தேகச் சாவுகளை விசாரிப்பதே அவர் வேலையாயிற்று.

சரி, பழைய நாவல்களில் என்ன நடக்கிறது? கிராமத்து மதுவிடுதியில் ஜூரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். உடலை அறுத்துப் பார்த்த டாக்டர் வந்து, வயிற்றில் ஸ்ட்ரிக்னின் விஷம் இருந்தது என்று சாட்சி சொல்கிறார். கேள்வி கேட்பவர் கொரோனர். அவரையே பிரேதப் பரிசோதனை அதிகாரி ஆக்கிவிட்டால், அறுத்தவர் தன்னைத்தானே கூண்டில் ஏற்றி விசாரிக்கிறாரா? கொரோனர்களில் டாக்டர்களும் இருந்தார்கள்தான். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு வேலை விசாரணை, அறுவை அல்ல.

குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஒரு காலத்தில் கொரோனர் உண்டு. இப்போது இந்தியாவில் அந்தப் பதவி இல்லை. பெரும்பாலும் போலீஸே பஞ்சாயத்தார் முன்னால் ‘பிரேத விசாரணை’ நடத்திவிட்டு, உடலைப் ‘பிரேதப் பரிசோதனை’க்கு அனுப்புகிறது. அவசரத்தில் மொழிபெயர்ப்பவர் முதலாவதை விட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொள்கிறார்.

இத்தனைக்கும் நல்ல சொல் தமிழிலேயே புழங்குகிறது. இலங்கைப் பத்திரிகையைப் புரட்டினால் ‘திடீர் மரண விசாரணை அதிகாரி’ கண்ணில் படுவார். ‘திடீர்’ வேண்டாமென்றால் மரண விசாரணை அதிகாரி போதும். மரணமும் வடமொழிதானே என்று முறைப்பவர்கள் ‘இறப்பு விசாரணை அலுவலர்’ என்று எழுதட்டும், எனக்குச் சண்டையில்லை. பரிசோதனையை மட்டும் எடுத்துவிடுங்கள்.

அப்புறம், மரண விசாரணை முடிவில் வரும் ‘ஓப்பன் வெர்டிக்ட்’ (open verdict) என்பதைத் ‘திறந்த தீர்ப்பு’ ஆக்குகிற கொடுமை. சாவு எப்படி நேர்ந்தது என்று துணியச் சான்று போதவில்லை என்பதுதான் அங்கே பொருள். ‘முடிவு துணியவில்லை’ என்று எழுதினால் யாருக்கும் புரியும். தீர்ப்பு என்பதே அங்கு ஒட்டாது. மரண விசாரணையில் குற்றவாளிக் கூண்டு ஏது?

ஆனாலும் ஒன்று: 1977 வரை இங்கிலாந்தில் அந்த ஜூரிகள் கொலையாளி இன்னார் என்று பெயரைச் சொல்லவே முடிந்தது, சொன்னால் ஆள் நேரே கொலை வழக்கில் நிற்க வேண்டியதுதான். நாவலில் சந்தேகத்துக்கு ஆளான மருமகனுக்கு அந்த அத்தியாயத்தில் வியர்த்துக் கொட்டுவது அதனால். தமிழில் படிப்பவரோ, டாக்டர் ரிப்போர்ட்டுக்கு இவன் ஏன் இப்படி நடுங்குகிறான் என்று விழிக்கிறார்.