ஹைஃபன் எங்கே, கோலன் எங்கே?

"வேலை தேடினான்" என்றால் பிழைப்புக்கு அலைந்தான். "வேலைத் தேடினான்" என்றால் முருகன் கையில் இருக்கிற வேலாயுதத்தைத் தேடினான். ஓர் ஒற்றில் பொருளே மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் இந்த வேலையைப் பல இடங்களில் ஹைஃபன் என்ற சின்னக் கோடு செய்கிறது.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் எடுக்க ஒருவர் "ட்வென்டி லிட்டர் கேன்ஸ்" என்று ஆர்டர் எழுதுகிறார் என்று வையுங்கள். இருபது லிட்டர் பிடிக்கும் கேன்களா, ஒரு லிட்டர் கேன் இருபதா? "20-லிட்டர் கேன்ஸ்" என்றால் முதலாவதுதான். கோடு கட்டிய சொற்கள் சேர்ந்து ஒரே அடைமொழி ஆகிவிடும். குளச்சலில் "ஸ்மால் போட் ஓனர்" என்று எழுதினால் சிறியது வள்ளமா, வள்ளக்காரரா? "ஸ்மால்-போட் ஓனர்" என்றதும் வள்ளம்தான் சிறியது.

அடைமொழி பெயருக்கு முன்னால் நிற்கும்போதுதான் இந்தக் குழப்பம் வரும். கோடும் அங்கேதான் வேண்டும். வள்ளுவர் சிலை "133-ஃபுட் ஸ்டாச்சு". ஆங்கில அடைமொழி பன்மை ஏற்காது, ஆகவே அங்கே "ஃபீட்" தவறு. "தி ஸ்டாச்சு இஸ் 133 ஃபீட் டால்" என்று பின்னால் வந்தால் கோடு வேண்டாம், "ஃபீட்" சரி. "ஃப்ரெஷ்லி காட் ஃபிஷ்" போல "லி"யில் முடியும் வினையடைக்கும் கோடு வேண்டாம்; அது எந்தச் சொல்லைச் சேரும் என்பதை அந்த "லி"யே காட்டிவிடுகிறது.

ஒரு கோடு வேலையையே பறித்துவிடலாம். ஒப்பந்தத்தில் மறுபடி கையெழுத்திடுவது "ரீ-சைன்". கோட்டை விட்டால் அதே எழுத்துகள் "ரிசைன்", அதாவது ராஜினாமா.

கோலன் என்பது முக்காற்புள்ளி (:). அதற்குச் சோதனை எளிது. அது இருக்கும் இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துப் பாருங்கள்; முன்பகுதி தனி வாக்கியமாக நின்றால் கோலன் சரி. 1956இல் தமிழகத்தோடு சேர்ந்து குமரி மாவட்டமான தாலுகாக்களைச் சொல்லும்போது, "தி டிஸ்ட்ரிக்ட் பிகேன் வித் ஃபோர் தாலுகாஸ்: தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம் அண்ட் விளவங்கோடு" என்பது நிற்கும். "தி ஃபோர் தாலுகாஸ் வேர்:" என்பது அந்தரத்தில் தொங்கும். அங்கே கோலனை எடுத்துவிட்டு நேரே பெயர்களை எழுதுவதே முறை. கடிதத்தின் "சப்ஜெக்ட்:" போன்ற தலைப்புச் சொல்லுக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது.

அந்த இடத்தில் நம் விண்ணப்பங்களில் இன்றும் ":-" என்று இரண்டையும் சேர்த்துப் போடுகிறோம். அது பழைய பிரிட்டிஷ் அச்சுவழக்கம். இப்போது கோலன் மட்டும் போதும்: அதற்கு முன்னால் இடைவெளி கூடாது, பின்னால் ஒன்று வேண்டும். ஹைஃபனுக்கோ இரு பக்கமும் இடைவெளியே கிடையாது.