நாய்க்கு வாங்கியது பூனைக்கு ஆகாது

ஓசூரிலிருந்து பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டிக்குப் பதினோரு வருடம் பஸ்ஸில் போய்வந்த பிறகு சாஃப்ட்வேர் வேலையை விட்டேன். இப்போது கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு மாடி அறைதான் கிடங்கு. நாய், பூனைக்கான தீனி, கழுத்துப்பட்டை, சீப்பு, கிண்ணம் என்று இணையத்தில் விற்கிறேன். வெப்சைட்டையும் நானே எழுதினேன். வங்கிகளுக்கே புரோகிராம் எழுதியவளுக்கு இது என்ன பெரிய விஷயம் என்ற எண்ணம்.

ஆரம்பித்து ஆறு மாதம் இருக்கும். இரவு ஒன்பதரைக்குக் காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். "அக்கா, உங்ககிட்ட வாங்கின பவுடரைப் போட்டேன். பூனைக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது."

அது பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த உண்ணி பவுடர். நாய்க்குப் போட்டுவிட்டு, பூனையும் சொறிகிறதே என்று மீதியை அதற்கும் தடவியிருக்கிறார். டப்பாவின் பின்பக்கம் 'நாய்களுக்கு மட்டும்' என்று பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தது. ஆனால் என் வெப்சைட்டில் 'உண்ணி' என்று தேடினால் நாய்ப் பொருளும் பூனைப் பொருளும் ஒரே வரிசையில் வரும். வசதிக்காக இரண்டையும் ஒரே பிரிவில் போட்டுவைத்தவள் நான். அந்தப் பவுடரை விற்க மருந்து உரிமம் வேண்டுமா என்றுகூட அப்போது நான் விசாரித்திருக்கவில்லை.

பெர்மெத்ரினை நாயின் உடம்பு சமாளித்துவிடும். பூனையின் கல்லீரலில் அதை உடைத்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. அதனால் விஷம் உடம்பிலேயே தங்கி நரம்பைத் தாக்கும். காது துடிக்கும், எச்சில் ஒழுகும், உடல் நடுங்கும், கடைசியில் வலிப்பு வரும். சில மணி நேரத்திலேயே தெரிந்துவிடும், சில நேரம் ஒரு நாள் கழித்தும் வரலாம். நேரடியாகத் தடவினால்தான் என்றில்லை, மருந்து போட்ட நாயை ஒட்டிப் படுத்தாலோ நக்கினாலோகூடப் போதும். இதற்கென்று தனி முறிவு மருந்து கிடையாது. நடுக்கத்தை அடக்கி, விஷம் இறங்கும்வரை மருத்துவர் தாங்கிப் பிடிக்க வேண்டியதுதான்.

அந்தத் தம்பியிடம் நான் சொன்னது, மருத்துவர் ஒருவரைப் போனில் பிடித்துக் கேட்டுத்தான். பாத்திரம் கழுவும் சோப்பைக் கொஞ்சம் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள், சுடுதண்ணீர் வேண்டாம், துடைத்துத் துணியில் சுற்றி உடனே தூக்கிக்கொண்டு போங்கள். வலிப்பு வந்துவிட்டால் கழுவிக்கொண்டு நிற்காமல் கிளம்பிவிட வேண்டும். வாயில் பால், எண்ணெய், மஞ்சள் தண்ணீர் எதையும் ஊற்றக் கூடாது. நடுங்கும் பூனைக்குப் புரையேறிவிடும். மூன்று நாள் டிரிப்ஸ் ஏறி அந்தப் பூனை பிழைத்தது. ரசீதுத் தொகையில் பாதியை நான் கொடுத்தேன். அவர் கேட்கவில்லை.

மறுநாளே உண்ணியைக் கொல்லும் பொருள்கள் அத்தனையையும் கடையிலிருந்து எடுத்துவிட்டேன். வெயில் காலத்தில் அதிகம் ஓடுவதே அதுதான், வருமானம் நன்றாகவே அடிவாங்கியது. இப்போது சீப்பும், உண்ணி எடுக்கும் கொக்கியும் மட்டும் விற்கிறேன். மருந்து வேண்டுமென்றால் எடையையும் வயதையும் சொல்லி மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். பெரிய நாய்க்கான குப்பியை வாங்கிப் பாதி பாதியாகக் குட்டிகளுக்குப் போடும் சிக்கனம் வேண்டாம். பூனைக்கு ஒத்துக்கொள்ளும் ஃபிப்ரோனில் என்ற உண்ணி மருந்து, முயலுக்கு விஷம். நமக்குக் காய்ச்சலென்றால் போடும் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

இன்னொன்று, "மருந்து போட்டும் உண்ணி போகல" என்று பலர் சொல்கிறார்கள். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி நாயிலிருந்து கீழே விழுந்து, சுவர் விரிசலிலும் சாக்கு மடிப்பிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய் கட்டும் இடத்தையும் சுத்தம் செய்யாமல், நாய்க்கு மட்டும் திரும்பத் திரும்ப மருந்து அடித்தால் மருந்தின் அளவுதான் ஏறும்.

தீனி விஷயத்திலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பெரிய மூட்டையைப் பிரித்து லூஸில் கிலோ கணக்கில் தரமாட்டேன். விலை குறைவுதான், ஆனால் பிரித்துக் கட்டிய கவரில் காலாவதி தேதியும் இருக்காது, பேட்ச் எண்ணும் இருக்காது. இங்கே ஏப்ரல், மே வெயிலில் மாடி அறை என்ன கொதி கொதிக்கும்! திறந்த தீனியில் உள்ள கொழுப்பு காறிப்போய் வாடை அடிக்கும். வாங்கியவர்கள் மூட்டையோடு டப்பாவில் வைத்து மூடுங்கள், டப்பாவில் கொட்ட வேண்டாம்.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் ஐடி நண்பர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஆப், விளம்பரம், பேமென்ட் கேட்வே பற்றித்தான். நான் சொல்வது சின்ன விஷயங்கள். ஓசூர் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போகும் பார்சல் வேறு மாநிலக் கணக்கு, விற்பனை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். கூரியர்காரர் எடையோடு பெட்டியின் அளவையும் பார்ப்பார், பூனை படுக்கை பஞ்சு மாதிரி இருந்தாலும் கட்டணம் பஞ்சு மாதிரி இருக்காது. அப்புறம், லேபிளைப் படியுங்கள். நான் இப்போது ஒவ்வொரு பொருளிலும் 'நாய்க்கு' அல்லது 'பூனைக்கு' என்று பெரிய தமிழ் எழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டுகிறேன்.

போன வாரம் ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார். பேரன் எங்கேயோ வாங்கி வந்த நாய் ஷாம்பு மிச்சம் இருக்கிறதாம்.

"ஏம்மா, ஆட்டுக்குப் போடலாமா?"

"வேண்டாங்கய்யா. பால் கறக்கிற ஆடா?"

"ஆமா, குட்டியும் குடிக்குது."

கால்நடை உதவி எண்ணான 1962-க்குப் போன் போட்டுக் கேட்கச் சொல்லி, எண்ணை அவர் இரண்டு தடவை திருப்பிச் சொல்லும்வரை லைனில் இருந்தேன்.