மாலை போட்ட மூன்றாம் நாள்

கார்த்திகை பிறந்தால் கடலூரில் எங்கள் வார்டுக்கு ஒரு வகை நோயாளிகள் வரத் தொடங்குவார்கள். முதல் தேதி மாலை போட்டுக் குடியை நிறுத்தியவர்கள் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஸ்ட்ரெச்சரில் வருவார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒரு மீனவரை மறக்க முடியவில்லை. கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, உடம்பெல்லாம் வியர்வை. இல்லாத வலையை மடியில் போட்டுக்கொண்டு, இல்லாத நூலைப் பல்லால் கடித்து அறுத்து, ஒவ்வொரு கண்ணாக முடிந்துகொண்டிருந்தார். விரல்களில் ஒரு பிசகு இல்லை. சாமி குற்றம் என்று விபூதி போட்டதில் வீட்டில் ஓர் இரவு போயிருந்தது.

“கடைசியாக எப்போது குடித்தார்?”

“சாமி இப்போது குடிப்பதில்லை, டாக்டர்.”

“அதற்கு முன்னால்?”

மனைவி தலையைக் குனிந்துகொண்டார். “ஞாயிறு ராத்திரி. பாலத்துக்கு அந்தப் பக்கம்.”

எங்கள் ஊரில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பெண்ணையாற்றைத் தாண்டினால் புதுச்சேரி எல்லை. சரக்கின் விலையும் வேறு.

மது மூளையை மந்தப்படுத்தும். தினமும் குடிப்பவரின் மூளை அதை எதிர்த்து இழுத்தே பழகிவிடுகிறது. கயிறிழுப்பில் எதிரணி சட்டென்று கயிற்றை விட்டால் என்ன ஆகும்? ஆறேழு மணி நேரத்தில் கை நடுக்கம், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு, இரண்டு முதல் நான்கு நாளில் இல்லாததைக் காணும் இந்தப் பிதற்றல். சிகிச்சை இல்லாத காலத்தில் பிதற்றல் கண்டவர்களில் மூன்றில் ஒருவர் வரை இறந்திருக்கிறார்கள். இன்று நூறில் ஐந்து பேருக்கும் குறைவு. மூளையை அமைதிப்படுத்தும் டயஸிபாம் போன்ற மருந்தைக் கொடுத்து, சில நாளில் படிப்படியாகக் குறைப்போம். “ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெளிந்துவிடும்” என்று நினைக்காதீர்கள். உடம்பில் தயமின் (வைட்டமின் பி1) வற்றிக் கிடக்கும்போது வெறும் குளுக்கோஸ் மூளைக்கே கேடாகலாம். முதலில் தயமின் ஊசி.

மாலையையோ கோயிலில் கயிறு கட்டுவதையோ நான் குறை சொல்லவில்லை. ஒரு மண்டலம் குடிக்காமல் இருக்க வைக்கும் மருந்து எங்கள் அலமாரியில் கிடையாது. (சாம்பாரில் ரகசியமாகக் கலக்கும் மாத்திரையைக் கேட்டு வராதீர்கள், தெரியாமல் அதன்மேல் குடித்தால் உயிருக்கே ஆபத்து.) விரதத்துக்கு ஒரு வாரம் முன்பே ஆஸ்பத்திரிக்கு வந்து நிறுத்தினால் போதும். அதைச் சொல்லச் சரியான ஆள் சுவரொட்டி அல்ல, குருசாமி. மாலை போடும் முன் அவர் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: “காலையில் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கிறதா?” ஆம் என்றால் முதலில் எங்களிடம் அனுப்பட்டும். இரண்டு குருசாமிகளிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்றவர் இப்போது ஆள் அனுப்புகிறார். நேரில் வரக் கூச்சப்படுபவர்களுக்கு போதை மீட்புக்கான 14446 என்ற இலவச எண் இருக்கிறது.

அந்த மீனவர் ஐந்தாம் நாள் தெளிந்தார். கழுத்தில் சிக்கிவிடுமே என்று நர்ஸ் மாலையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்திருந்தார். கண் விழித்ததும் அதைத்தான் தேடினார். குருசாமி வார்டுக்கே வந்து மீண்டும் போட்டுவிட்டார். வீட்டுக்குக் கிளம்பும்போது தயமின் மாத்திரையைக் காட்டி, விரதத்தில் இதைச் சாப்பிடலாமா என்று கேட்டார், என்னிடம் அல்ல, குருசாமியிடம். சாப்பிடலாம் என்று அவர் சொல்லிவிட்டார்.