தட்டுக்குப் பக்கத்தில் உறுமுகிற நாயை அடிக்காதீர்கள்

"உறுமக்கூட இல்ல டாக்டர், திடீர்னு கடிச்சிருச்சு. இந்த நாய ஊசி போட்டு முடிச்சிடுங்க." இந்த வாரமும் ஒரு குடும்பம் இப்படித்தான் வந்து நின்றது. இரண்டு வயது லாப்ரடார். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் உருண்டுபோன பந்தை எடுக்கக் குனிந்த பிள்ளைக்குக் கன்னத்தில் தையல். துருவிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே கதைதான் வெளியே வரும். குட்டியாக இருந்தபோது, சாப்பிடும் நேரத்தில் பக்கத்தில் போனால் உறுமும். வீட்டுப் பெரியவர் யாராவது செருப்பால் இரண்டு போட்டிருப்பார். அதன் பிறகு உறுமவே இல்லை. "சரி, பழகிடுச்சுன்னு விட்டுட்டோம்."

அது பழகவில்லை. உறுமினால் அடி விழும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டது. சாப்பாட்டை யாரோ பிடுங்க வருகிறார்கள் என்ற பயம் அப்படியே இருக்கிறது. ஆள் கிட்டே வந்தாலே அடியும் விழும் என்ற இரண்டாவது பயம் அதன் மேல் ஏறிக்கொண்டது. ஹாரனைப் பிடுங்கிவிட்டால் லாரி நின்றுவிடுமா? சத்தமில்லாமல் வந்து மோதும், அவ்வளவுதான்.

தயவுசெய்து இதை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். உறுமல் என்பது நாய் உங்களிடம் பேசுகிற பேச்சு. "எனக்குப் பயமாக இருக்கிறது, தள்ளிப் போ" என்று கடிக்காமல் சொல்ல அதற்கிருக்கும் வழிகளில் உங்களுக்குத் தெளிவாகக் கேட்கக்கூடியது அதுதான். உறுமினால் அந்த இடத்திலேயே நில்லுங்கள், இரண்டடி பின்னால் வாருங்கள், முறைக்காதீர்கள். "விட்டுக்கொடுத்தா தலைமேல ஏறிடும்" என்று உடனே ஒரு வாதம் வரும். ஏறாது. அன்றைக்கு யாருக்கும் கடி விழவில்லை, எங்கே பிரச்சினை என்பதும் தெரிந்துவிட்டது. சரிசெய்கிற வேலையை வேறொரு நேரத்தில் ஆரம்பிக்கலாம்.

"யார் எஜமான்னு காட்டணும் டாக்டர்." என்னை மிகவும் சோர்வடைய வைக்கிற வாக்கியம் இது. குட்டியை மல்லாக்கத் தள்ளிக் கழுத்தை அழுத்துவது, பாதிச் சாப்பாட்டில் தட்டைப் பிடுங்குவது, சாப்பிடும்போது சோற்றில் கையை விட்டு அளைவது எல்லாம் இந்த எண்ணத்திலிருந்து வருகிறவை. 1947இல் விலங்கு நடத்தை ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கல், சுவிட்சர்லாந்தின் பாசல் உயிரியல் பூங்காவில் அடைத்து வைக்கப்பட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதில் இதன் வேர் இருக்கிறது. ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் எழுதிய நூல் அதைப் பரப்பியது. காட்டு ஓநாய்க் கூட்டம் பொதுவாகத் தாய், தந்தை, பிள்ளைகள் சேர்ந்த குடும்பம்தான், சண்டை போட்டுத் தலைவனாகிற கதை அதற்குப் பொருந்தாது என்று 1999இல் அதே மெக் தன் கருத்தை மாற்றி எழுதிவிட்டார். ஓநாய்க்கே பொருந்தாத ஒன்றை வீட்டு நாயிடம் செய்து காட்டிக் கடி வாங்குகிறோம்.

சோற்றில் கை விடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "குட்டியிலேயே கைவிட்டுப் பழக்கினா பின்னாடி கடிக்காது" என்று விற்கிறவரே சொல்லி அனுப்புகிறார். சுபாவத்திலேயே சாதுவான குட்டி பொறுத்துக்கொள்ளும், பெருமை கைவிட்டவருக்குப் போய்விடும். கொஞ்சம் பயந்த குட்டிக்கோ ஒவ்வொரு வேளையும் சாப்பாடு பறிபோகிற ஒத்திகை. நீங்கள் சாப்பிடும் இலையில் யாராவது கை வைத்தால் உங்களுக்கே பிடிக்காது.

உறுமலுக்கு முன்பே உடம்பு சொல்லிவிடும். நீங்கள் நெருங்கும்போது நாய் வேகமாக விழுங்க ஆரம்பிக்கும். தலை தட்டுக்குள் இன்னும் தாழும், தோள் இறுகும். முகத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் உங்கள் பக்கம் ஓட்டும். அப்போது ஓரத்தில் வெள்ளைவிழி பிறை போலத் தெரியும். பிறகு மெல்லுவது சட்டென்று நின்று, உடம்பு அசையாமல் உறையும். அந்த ஒரு நொடிதான் கடைசி எச்சரிக்கை. வால் ஆடுகிறதே என்று நம்பாதீர்கள். விறைத்த வாலும் ஆடும்.

சரிசெய்ய முடியுமா என்றால், வீட்டிலேயே பெருமளவு முடியும். ஆனால் வாரக்கணக்கில் ஆகும். செய்கிறவர் பெரியவராக இருக்க வேண்டும். குழந்தைகள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறியை எலும்பு நீக்கி, கொண்டைக்கடலை அளவுக்குப் பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள். சைவ வீடென்றால் பனீர் போதும். தட்டில் வழக்கமான சாப்பாடுதான் இருக்க வேண்டும். கையில் இருப்பது தட்டில் இருப்பதைவிட ருசியாக இல்லாவிட்டால் இந்த முறை வேலை செய்யாது.

முதலில் ஏழெட்டு அடி தள்ளி, நாயின் உடம்பு தளர்வாக இருக்கிற தூரத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த எல்லை வரை நடந்து வந்து, ஒரு துண்டைத் தட்டுக்குப் பக்கத்தில் வீசிவிட்டுத் திரும்பிப் போய்விடுங்கள். நிற்கக் கூடாது, பேசக் கூடாது, தடவக் கூடாது. ஒரு வேளைக்குப் பத்து முறை. வந்த பிறகுதான் கறி விழ வேண்டும். முன்னால் வீசிவிட்டு நடந்தால் நாய் பாடத்தைத் தலைகீழாகப் படிக்கும். நீங்கள் வருவதைப் பார்த்ததும் "கறி எங்கே?" என்று தட்டிலிருந்து தலையைத் தூக்கி உங்களைப் பார்க்கும் நாள் வரும். அதற்குப் பிறகு அரை அடி நெருங்குங்கள். அதற்கு முன் நெருங்காதீர்கள். தட்டருகே வந்து துண்டைப் போடுவது, பிறகு குனிந்து போடுவது, கடைசியாகத் தட்டை ஒரு கையால் தொட்டபடி மறுகையால் போடுவது என்று படிப்படியாகப் போகலாம். எந்தப் படியிலாவது உடம்பு இறுகினால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். முந்தைய தூரத்துக்கே திரும்புங்கள். பாதிப் பேர் கெடுத்துக்கொள்வது இங்கேதான். மூன்று நாள் நன்றாகப் போனதும் நான்காம் நாள் நேரே தட்டைத் தூக்கிப் பார்க்கிறார்கள்.

எலும்பு, திருடிய சாக்ஸ், பிள்ளையின் பொம்மை இவற்றுக்கெல்லாம் பண்டமாற்றுதான். துரத்தாதீர்கள். துரத்தினால் விழுங்கிவிடும், பிறகு வயிற்றைக் கிழித்து எடுக்கிற வேலை எனக்கு. பெரிதாக ஆசைப்படாத பொருளில் ஆரம்பித்து, "விடு" என்று சொல்லி மூக்கருகே கறியைக் காட்டுங்கள். வாயிலிருந்ததைப் போட்டதும் கறியைக் கொடுங்கள். முடிந்தபோதெல்லாம் அந்தப் பொருளையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விட்டால் நஷ்டமில்லை என்று அதற்குத் தெரிய வேண்டும்.

இது நடக்கும் காலத்தில் வீட்டு ஏற்பாடு மாற வேண்டும். வாசற்படியிலும் மாடிப்படியடியிலும் சோறு வைக்காதீர்கள். ஆள் நடமாட்டமில்லாத மூலையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். நாய் வெளியே வந்த பிறகு தட்டை எடுங்கள். இரண்டு நாய்கள் என்றால் இரண்டு அறை. காவல் நாய்க்கு ராத்திரி ஒரு வேளைதான் சோறு என்கிற வழக்கத்தை விட்டு, அதே அளவை இரண்டாகப் பிரியுங்கள். கட்டிப்போடுவது, மிளகாய் கொடுப்பது எல்லாம் காவலைக் கூட்டாது; பயந்த நாயைத்தான் உண்டாக்கும். வாய்ப்பூட்டு தேவைப்பட்டால் கூடை மாதிரியானதை வாங்குங்கள். துணிப்பூட்டு போட்டால் வாயைத் திறந்து மூச்சு வாங்க முடியாது, நம்ம ஊர் வெயிலில் அது ஆபத்து.

இதுவரை உறுமாத நாய் புதிதாக உறுமினால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். காதில் சீழ், பல்வலி, மூட்டுவலி, உண்ணிக் காய்ச்சல் என்று எதுவும் இருக்கலாம். அரிப்புக்குத் தரும் ஸ்டீராய்டு மாத்திரை அகோரப் பசியைக் கிளப்பும். அந்த நாட்களில் சாதுவான நாய்கூடத் தட்டைக் காப்பதுண்டு. என்ன மாத்திரை போகிறது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஒருமுறை தோல் கிழியக் கடித்த நாய், அல்லது ஆளை நோக்கிப் பாய்கிற நாய் என்றால் மேலே சொன்ன பயிற்சியைத் தனியாக ஆரம்பிக்கவே வேண்டாம். நாய்களின் நடத்தை தெரிந்த மருத்துவரோ, அடிக்காமல் பழக்குகிற பயிற்சியாளரோ கூடவே இருக்கட்டும்.

கடி விழுந்துவிட்டால் மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் வைக்காதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். வீட்டு நாய்தானே, தடுப்பூசி போட்டதுதானே என்று நீங்களே முடிவு செய்யாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆழமான கடிக்குத் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடுகிற எதிர்ப்புப்புரத மருந்தான இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும், கேட்டு வாங்குங்கள். அரசு மருத்துவமனைகளில் வெறிநாய்த் தடுப்பூசி இலவசம். கடித்த நாயை ஆத்திரத்தில் அடித்துக் கொன்றுவிடாதீர்கள், எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். பத்து நாள் கண் பார்வையில் வைத்திருங்கள். வெறிநோய் உள்ள நாய் அதற்குள் நோயைக் காட்டிவிடும் என்பதால், அது நலமாக இருக்கிறதா என்பது உங்கள் பிள்ளையின் சிகிச்சைக்குத் தேவையான தகவல்.