பாராசோஷியல்: ஒருதலை உறவு

கேம்பிரிட்ஜ் அகராதி 2025ஆம் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது 'பாராசோஷியல்' என்ற சொல்லை. நேரில் அறிமுகமே இல்லாத ஒரு புகழ்பெற்ற மனிதரோடு தனக்கு உறவு இருப்பதாக ஒருவர் உணர்வதைக் குறிக்கும் பெயரடை இது. அந்தப் புகழ்பெற்றவர் நடிகராக இருக்கலாம், பாடகராக இருக்கலாம், யூடியூபில் தினமும் சமைத்துக் காட்டும் பெண்மணியாகவும் இருக்கலாம். கதையில் வரும் பாத்திரத்தின்மேல் எழும் பாசத்துக்கும் இச்சொல் பொருந்தும். அவருடைய பிறந்தநாள் நமக்குத் தெரியும், அவர் வீட்டு நாயின் பெயர் தெரியும், போன வாரம் அவருக்குக் காய்ச்சல் கண்டதும் தெரியும். நாம் என்று ஒருவர் இருப்பதே அவருக்குத் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வில்தான் சொல்லின் பொருள் அடங்கியிருக்கிறது.

தமிழில் எழுதும்போது பலரும் இதை ஒலிபெயர்த்துவிட்டுக் கடந்துபோகிறோம். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்த உணர்வுக்கு இலக்கணம் வகுத்த மொழி நம்முடையது.

சொல் பிறந்த கதை 1956இல் தொடங்குகிறது. டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்டு வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் உளமருத்துவ ஆய்விதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வானொலியும் தொலைக்காட்சியும் வந்த பிறகு, பார்ப்பவருக்கும் நிகழ்ச்சி நடத்துபவருக்கும் இடையே ஒரு புதுவகை நெருக்கம் உண்டாவதை அவர்கள் கவனித்தார்கள். 'தொலைவில் இருந்தபடியே நெருக்கம்' என்று அதைத் தலைப்பிலேயே குறித்தார்கள். தொகுப்பாளர் கேமராவை நேராகப் பார்க்கிறார், நம்மிடமே பேசுவதுபோல் பேசுகிறார், நாம் பதில் சொல்வதற்காகவே நிறுத்துவதுபோல் ஒரு கணம் நிறுத்துகிறார். வீட்டில் அமர்ந்திருப்பவரும் மனத்துக்குள் பதில் சொல்லிவிடுகிறார். இப்படித் திரையில் உருவாகும் ஆளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'பெர்சோனா'. லத்தீன் மொழியில் அது நாடக நடிகர் அணியும் முகமூடியைக் குறித்த சொல்.

அவர்கள் எடுத்துக்காட்டிய நிகழ்ச்சிகளில் ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பல நகரங்களில் ஒலிபரப்பான வானொலி நிகழ்ச்சி அது. பெயர் சொல்லாத ஒரு பெண்குரல், கேட்பவரைத் தன் அன்புக்குரிய ஒரே ஆளாக வைத்துக் கொஞ்சும். களைப்பாக இருக்கிறாயா என்று விசாரிக்கும், தானும் தனிமையில் இருப்பதாகச் சொல்லும். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ ஆண்கள் ஒரே நேரத்தில் அந்தக் குரலைக் கேட்டார்கள், அது தனக்கே உரியது என்று ஒவ்வொருவரும் உணர்ந்தார்கள். இன்று இரவு பதினொரு மணிக்கு இன்ஸ்டாகிராம் நேரலையில் ஒரு நடிகை 'எல்லாரும் சாப்பிட்டீங்களா' என்று கேட்பது இதே மரபில் வருவதுதான்.

அந்த ஆய்வாளர்கள் இதை நோயாகப் பார்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலோருக்கு இது அன்றாட வாழ்வோடு சேர்ந்து ஓடும் ஒரு துணை. நிஜமான மனித உறவுகளின் இடத்தை அது முழுவதுமாகப் பிடித்துக்கொண்டு, கண்முன் உள்ள உண்மையையே மறுக்கும் நிலைக்குப் போகும்போதுதான் அது கோளாறாகிறது என்று எழுதினார்கள். இந்தச் சொல்லை ஒரு வசையாக இன்று வீசுகிறவர்கள் மூலக் கட்டுரையின் இந்த நிதானத்தைத் தவறவிடுகிறார்கள்.

இனி சொல்லின் உறுப்புகளைப் பார்ப்போம். 'பாரா' கிரேக்க முன்னொட்டு. பக்கத்தில், கூடவே, அப்பால் என்றெல்லாம் பொருள்படும். 'சோஷியல்' லத்தீன் வழி வந்தது. கூட்டாளி, தோழன் எனப் பொருள்தரும் 'சோகியுஸ்' அதன் வேர். சமூக உறவுக்குப் பக்கத்தில் நிற்பது, ஆனால் சமூக உறவு ஆகிவிடாதது என்பது கூட்டுப்பொருள். நாம் ஒட்டுண்ணி என்று தமிழாக்கிய 'பாரசைட்' என்ற சொல்லிலும் இதே முன்னொட்டுதான் இருக்கிறது. பிறர் உணவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உண்பவன் என்பது அதன் பழைய பொருள்.

ஆட்சித் தமிழில் இந்த முன்னொட்டுக்குப் பெரும்பாலும் 'துணை' என்று போட்டுவிடுகிறோம்: துணை இராணுவம், துணை மருத்துவம். அந்த வழியில் போனால் 'துணைச் சமூக உறவு' என்று வரும். கேட்பவருக்கு ஏதோ நலத்துறை அலுவலகத்தின் பெயர்போல் ஒலிக்கும், பொருள் துளியும் விளங்காது. 'இணைச் சமூக உறவு' அதைவிட மோசம். இணை என்றால் சமம் என்ற நினைவு வரும், இங்கே இல்லாதது அந்தச் சமம்தான். முன்னொட்டை ஓரமாக வைத்துவிட்டு, உணர்வைப் பார்த்துச் சொல் தேடுவதே சரி.

அதற்கு முன், சமூக ஊடகம் இந்த உறவை என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். 2004இல் வந்த ஃபேஸ்புக், நட்பு என்றால் இரண்டு பேரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று வைத்தது. 2006இல் வந்த ட்விட்டரில் அந்த நிபந்தனை இல்லை. யாரை வேண்டுமானாலும் பின்தொடரலாம், அவர் திரும்பி நம்மைப் பின்தொடர வேண்டியதில்லை. 2010இல் வந்த இன்ஸ்டாகிராமும் இதையே எடுத்துக்கொண்டது. ஒருவர் மட்டும் பார்க்க, மற்றவர் பார்க்கப்படுவது என்பது இந்த ஊடகங்களின் அடித்தளத்திலேயே போடப்பட்டுவிட்டது.

அதோடு இடமும் மாறியது. திரையரங்கில் நடிகர் நம்மைவிடப் பல மடங்கு பெரியவராகத் தெரிந்தார். தொலைக்காட்சியில் கூடத்தின் ஒரு மூலையில் இருந்தார். கைப்பேசியில் அவர் உள்ளங்கையில் இருக்கிறார். அக்காள் மகனின் பிறந்தநாள் படத்துக்கும் கல்லூரித் தோழியின் திருமணப் படத்துக்கும் நடுவில், அதே அளவில், அதே சட்டகத்தில் அவருடைய காலைக் காப்பியும் வருகிறது. அவர் ஏதாவது பதிவிட்டால் அம்மா செய்தி அனுப்பும்போது எழும் அதே ஒலி எழுகிறது. யார் வீட்டார், யார் வெளியார் என்று மனம் பிரித்துப் பார்ப்பதற்கான அடையாளங்கள் எல்லாம் இங்கே அழிந்துவிடுகின்றன. போதாததற்கு, எப்போதாவது ஒரு முறை அவர் யாரோ ஒரு ரசிகருக்குப் பதிலும் எழுதுகிறார். லட்சத்தில் ஒருவருக்குக் கிடைத்த அந்தப் பதில், மற்ற அத்தனை பேருக்கும் நாளை நமக்கு என்ற நம்பிக்கையைத் தருகிறது. அந்தப் பதிலை எழுதியது அவருடைய அலுவலகத்தில் கணக்கைக் கவனிப்பவராகவும் இருக்கலாம்.

நம் ஊர் உதாரணம் ஒன்று. 2020 பிப்ரவரியில் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் படப்பிடிப்பில் இருந்த நடிகர் விஜய், தன்னைக் காணத் திரண்ட கூட்டத்தின் நடுவே ஒரு வண்டியின்மேல் ஏறி நின்று செல்ஃபி எடுத்தார். நெய்வேலிக்கு நன்றி என்ற ஒற்றை வரியோடு அதை ட்விட்டரில் போட்டார். அந்த ஆண்டு இந்தியாவில் மிக அதிகமாகப் பகிரப்பட்ட பதிவு அதுதான் என்று ட்விட்டர் அறிவித்தது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முன்னால் ஒரு முகம், பின்னால் தூரம்வரை தலைகளும் உயர்த்திய கைகளும். அங்கே நின்ற ஒவ்வொருவரும் தன் நட்சத்திரத்தோடு ஒரே படத்தில் இருக்கிறார், அது பொய்யில்லை. அவர்கள் அறிந்தது ஒரு மனிதரை, அவர் அறிந்தது ஒரு கூட்டத்தை. 2023 ஏப்ரலில் அவர் இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்கியபோது எழுதிய முதல் வணக்கம் நண்பர்களையும் நண்பிகளையும் விளித்தே வந்தது. விளியிலேயே உறவுமுறை வைத்துவிடும் பழக்கம் நம் மேடைகளுக்கு முன்பே உண்டு. எம்.ஜி.ஆர். கூட்டத்தைப் பார்த்து 'என் இரத்தத்தின் இரத்தமான' என்று அழைத்ததைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இது புதிதில்லை.

நேர் எதிரான உதாரணம் அஜித் குமார். 2011இல் தன் ரசிகர் மன்றங்களைக் கலைத்தார். சமூக ஊடகங்களிலிருந்தும் விலகியே இருந்தார். 2021 டிசம்பரில், தன்னை 'தல' என்று அழைக்க வேண்டாம், பெயர் சொல்லியே குறிப்பிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். இப்படி விலகி நின்றதால் ரசிகர்களின் பாசம் குறைந்ததா? அந்த வேண்டுகோளுக்குச் சில மாதங்கள் முன்பு, 2021 பிப்ரவரியில், சேப்பாக்கத்தில் டெஸ்ட் ஆடவந்த இங்கிலாந்து வீரர் மொயீன் அலியிடம் அரங்கிலிருந்து அஜித்தின் 'வலிமை' படத்தின் அப்டேட் கேட்டார்கள். வலிமை என்றால் என்ன என்று மொயீன் அலி அஸ்வினிடம் விசாரிக்க வேண்டியதாயிற்று. பொது இடங்களில் கண்ணியம் காக்கும்படி அஜித் அறிக்கை விட்டார். நட்சத்திரம் வாய் திறக்காவிட்டாலும், கதவைச் சாத்திக்கொண்டாலும் இந்த உறவு வளரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ரசிகர்கள் ஒருவரோடு ஒருவர் பேசியே அதை வளர்த்துக்கொள்கிறார்கள். சமூக ஊடகம் நட்சத்திரத்தை ரசிகருக்கு அருகில் கொண்டுவந்தது என்று பொதுவாகச் சொல்கிறோம். அது ரசிகரை ரசிகருக்கு அருகில் கொண்டுவந்ததுதான் பெரிய மாற்றம் என்பது என் கருத்து.

இப்போது தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். முதலில் நினைவுக்கு வருவது 'மானசீக உறவு'. மானசீக குரு என்ற வழக்கு எல்லாருக்கும் தெரியும் என்பதால் சட்டென்று விளங்கும். ஆனால் அதில் பக்தி மணம் தூக்கல். காணாமலேயே ஒருவரை மனத்தில் இருத்திக்கொள்வதை அது சொல்கிறது, மறுபக்கம் வெறுமையாக இருப்பதைச் சொல்லவில்லை. காணாமை இங்கே முக்கியமே இல்லை. உறையூர்க் கோப்பெருஞ்சோழனும் பாண்டிய நாட்டுப் பிசிராந்தையாரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனாலும் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விடத் துணிந்த சோழன், ஆந்தையார் வருவார் என்று அவருக்கும் இடம் ஒதுக்கச் சொன்னான், அவரும் வந்தார். அது முழுமையான நட்பு, இரு பக்கமும் நிறைந்த நட்பு. தொலைவு இருந்தும் அது பாராசோஷியல் ஆகாது.

அடுத்தது கைக்கிளை. ஒருமருங்கு பற்றிய கேண்மை, அதாவது ஒரு பக்கத்தில் மட்டும் உள்ள உறவு, என்று நச்சினார்க்கினியர் உரை சொல்லும். தொல்காப்பியம் அதை விளக்குமிடத்தில் ஒரு தொடர் வருகிறது: 'சொல்லெதிர் பெறாஅன் சொல்லி இன்புறல்'. எதிர்ச்சொல் கிடைக்காதவன், தான் சொல்வதிலேயே இன்பம் காண்பது. நடிகையின் படத்துக்குக் கீழே ஒவ்வொரு நாளும் வணக்கம் எழுதும் இளைஞனை இதைவிடச் சுருக்கமாக யாரால் விவரிக்க முடியும்?

புறநானூற்றில் இன்னும் நெருக்கமான சான்று இருக்கிறது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்ற சோழன் ஆமூர் மல்லனோடு மற்போர் செய்து வென்றவன். அவனைப் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடிய மூன்று பாடல்கள் 83 முதல் 85 வரை உள்ளன, மூன்றும் கைக்கிளைத் திணை. 85ஆம் பாடலில் ஊர் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. வெற்றி அவனுக்கே என்கிறது ஒரு சாரார், இல்லை என்கிறது இன்னொரு சாரார். இவள் சிலம்பு ஒலிக்க ஓடிப்போய், தன் வீட்டில் முழவுபோல் அடி பருத்த பனைமரத்தில் சாய்ந்து நின்று அவன் வென்றதைக் கண்டுவிடுகிறாள். அவனுக்கு இவள் நிற்பது தெரிந்ததாகப் பாடலில் ஒரு சொல்லும் இல்லை. களத்தில் ஒரு நட்சத்திரம், அவனுக்காக வாதிடும் இரு கட்சிகள், தன் வீட்டிலிருந்தே பார்த்துத் துடிக்கும் ஒரு ரசிகை. இன்றைய நேரலைக்குத் தேவையான எல்லாம் அங்கே இருக்கிறது.

இவ்வளவு பொருத்தம் இருந்தும் கைக்கிளையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது காமத்தைச் சார்ந்த திணைப்பெயர். மறைந்த பாடகருக்காக அழும் பாட்டியின் அன்பையும், கிரிக்கெட் வீரரை அண்ணனாக நினைக்கும் சிறுவனின் அன்பையும் அதில் அடக்க முடியாது. ஏழிசையில் மூன்றாவது சுரத்துக்கும் அதுவே பெயர்.

என் தேர்வு 'ஒருதலை உறவு'. 'ஒருதலையான் இன்னாது காமம்' என்று தொடங்கி, காவடியைப்போல் 'இருதலையானும் இனிது' என்று முடிக்கிறார் வள்ளுவர். ஒருதலைக்கு எதிர்ச்சொல்லும் அங்கேயே கிடைத்துவிடுகிறது. இரண்டு தடைகளை எதிர்பார்க்கலாம். ஒருதலை என்றால் உறுதி என்றும் பொருள் உண்டு. 'ஒருதலையாச் சொல்லலும் வல்லது அமைச்சு' என்ற குறளில் அப்படித்தான் வருகிறது. அந்தப் பொருள் இன்று வழக்கில் இல்லை என்பதால் குழப்பம் நேராது. இரண்டாவது தடை சற்றுக் கனமானது. ஒருதலைக் காதல் என்ற தொடர் குற்றச் செய்திகளில் அடிபட்டு அடிபட்டு அச்சம் தரும் தொடராகிவிட்டது. காதலை எடுத்துவிட்டு உறவு என்று சேர்த்தால் அந்தக் கறை பெரும்பாலும் நீங்கிவிடுகிறது என்றே நினைக்கிறேன்.

பயன்படுத்தும்போது ஆய்வாளர்கள் காட்டும் ஒரு வேறுபாட்டைக் காப்பாற்றுவது நல்லது. நிகழ்ச்சி நடக்கும் நேரத்தில் மட்டும் தோன்றி மறைவதை 'ஒருதலை உரையாட்டு' எனலாம். திரையை அணைத்த பிறகும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீடிப்பது 'ஒருதலை உறவு'. அதில் எழும் உணர்வை மட்டும் சொல்ல 'ஒருதலை நெருக்கம்' போதும். நடிகர் ஒருவரின் மணமுறிவுச் செய்தி கேட்டு, தன்னைக் கேட்காமல் முடிவெடுத்துவிட்டார் என்பதுபோல் ரசிகர்கள் கொதித்தார்கள் என்றால், ஒருதலை நெருக்கம் உரிமையாக மாறிய இடம் அது என்று எழுதலாம்.

கேம்பிரிட்ஜ் அகராதியின் இப்போதைய விளக்கம் செயற்கை நுண்ணறிவோடு ஒருவர் உணரும் பிணைப்பையும் இச்சொல்லுக்குள் சேர்த்திருக்கிறது. அங்கே சிக்கல் வேறு விதமானது. உரையாடு மென்பொருள் நொடியில் பதில் சொல்லிவிடுகிறது, நம் பெயரையும் நினைவில் வைத்திருக்கிறது. ஆகவே 'சொல்லெதிர் பெறாஅன்' என்ற தொல்காப்பியத் தொடர் அதற்குப் பொருந்தாது. எதிர்ச்சொல் வருகிறது, ஆனால் நம்மை எண்ணி ஏங்க அந்தப் பக்கம் ஒரு மனிதர் இல்லை. ஒருதலை என்ற சொல் அந்த உறவுக்கும் தடையின்றிப் பொருந்துகிறது.