பாட்டி முகத்தை இருட்டாக்காதீர்கள்

போன வாரம் ஒரு கல்யாண வீடியோ கலர் செய்ய வந்தது. இந்த சீசனில் இதே கோளாறோடு வரும் நான்காவது ஹார்ட் டிஸ்க். மேடையில் குடும்பமே நிற்கிறது. பெண்ணும் மாப்பிள்ளையும் பளிச்சென்று இருக்கிறார்கள். வலது ஓரம் நாற்காலியில் உட்கார்ந்த பாட்டிக்கு மூக்குத்தி மட்டும் மின்னுகிறது, முகத்தைக் காணோம். “வின்யெட் போட்டே ரெண்டர் பண்ணிட்டேன் சார், நீங்க எடுத்துடுங்க” என்கிறார் அதை அனுப்பிய தம்பி. வின்யெட் என்றால் படத்தின் ஓரங்களை இருட்டாக்கும் எஃபெக்ட்.

எதை எடுப்பது? 8 பிட் ஃபைலில் ஒரு நிறத்துக்கு மொத்தமே 256 படிகள். ஓரத்தை இரண்டு ஸ்டாப் இறக்கி (அதாவது வெளிச்சத்தைக் கால் பங்காக்கி) எக்ஸ்போர்ட் செய்தபின் திரும்பத் தூக்கினால், பாட்டி முகத்தில் கட்டம் கட்டமாகத்தான் வரும்.

ஓரம் இருண்டால் சினிமா லுக் என்று யார் கிளப்பிவிட்டதோ! சினிமாவில் ஓரம் இருட்டாகத் தெரிந்தால், பெரும்பாலும் ஒளிப்பதிவாளர் அங்கே வெளிச்சத்தை விடவில்லை என்று அர்த்தம். வெளிச்சத்தைத் தடுக்கும் கட்டர் வைத்திருப்பார், ஜன்னலை மறைத்திருப்பார். சுவர் இருளும், சுவரோரம் நிற்பவர் முகம் இருளாது. நீங்கள் போடும் முட்டை வடிவத்துக்குச் சுவர் எது, சித்தப்பா எது என்று தெரியுமா? கேமராவைத் திருப்பிப் பேன் செய்யும்போது அந்த இருட்டும் கேமராவோடு கூடவே வருகிறது. கண்ணாடியில் அழுக்கு ஒட்டியது போல. லென்ஸ் செய்பவர்கள் படாதபாடு பட்டு ஓர இருட்டைக் குறைக்கிறார்கள், நாம் அதைத் தேடிப்பிடித்துச் சேர்க்கிறோம்.

இன்னொரு கூட்டம் கேமராவிலேயே வேலையை முடித்துவிடுகிறது. 16 எம்எம் லென்ஸில் யூவி ஃபில்டர், அதன்மேல் வெளிச்சத்தைக் குறைக்கும் வேரியபிள் என்டி ஃபில்டர். ஃபில்டர் வளையமே ஃப்ரேமுக்குள் வந்துவிடும். அப்பர்ச்சரைக் குறைத்தால் சரியாகாது, விளிம்பு இன்னும் கூர்மையாகும். யூவியைக் கழற்றுங்கள். மண்டபத்துக்குள் என்டி எதற்கு? அதையும் கழற்றுங்கள்.

போட்டே ஆக வேண்டுமா? ஒற்றை ஆள் நிற்கும் க்ளோசப்பில் போடுங்கள். அரை ஸ்டாப் போதும், ஃபெதர், அதாவது இருட்டின் விளிம்பு மெல்லக் கரையும் அளவு, தாராளமாக இருக்கட்டும். ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைஸ், கிராப் எல்லாம் முடிந்த பிறகு மேலே அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் போடுங்கள். முன்பே போட்டால் இருட்டு ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். ரீல்ஸுக்கு 9:16 வெட்டும்போது பழையதை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். ஒரு தடவை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பாருங்கள், இருட்டு வளையம் வளையமாகப் பிரிந்தால் இன்னும் குறையுங்கள். குரூப் ஷாட்டில் மட்டும் வேண்டவே வேண்டாம், தயவுசெய்து.

அப்புறம், ஒரிஜினல் கார்டு இருக்கிறதா என்று தம்பியிடம் கேட்டேன். அடுத்த முகூர்த்தத்துக்கு ஃபார்மட் ஆகிவிட்டதாம். பாட்டி முகத்தை மட்டும் பிரித்துத் தனி மாஸ்க் போட்டு, அது முகத்தோடு கூடவே நகரும்படி ட்ராக் செய்துகொண்டிருக்கிறேன். 40 நொடி ஷாட். பாட்டி தலையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார்.