எடைக்குப் போடும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள்

"22 கிலோ. கிலோ 32 ரூபாய்னா 704. எழுநூறா வாங்கிக்குங்கம்மா."

நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது பழைய இரும்புக்கடைக்காரர் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கோவை கணபதியில் ஒரு வீடு. அந்த அம்மாவின் கணவர் 30 வருடம் ஃபிட்டராக வேலை பார்த்துக் காலமானவர். அவருடைய டூல்ஸ் பெட்டி கட்டிலுக்கு அடியில் இரண்டு வருடமாகக் கிடந்திருக்கிறது.

கடைக்காரர் ஏமாற்றவில்லை. இரும்பாக எடுத்தால் அதுதான் விலை. நான் பழைய கைக்கருவிகளை வாங்கி, சரிசெய்து விற்கிறவன். இன்னும் எவ்வளவு வேலை மிச்சமிருக்கிறது, அந்த வேலை யாருக்குத் தேவை என்று பார்த்துத்தான் விலை போடுவேன்.

பெட்டியின் அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றிய 6 ஸ்பேனர்கள். ஒன்றில் '1/4 டபிள்யூ' என்று அடித்திருந்தது. மகன் ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு, "கால் இன்ச்சுனு போட்டிருக்கு, வாய் அரை இன்ச்சுக்கு மேல இருக்குதுங்கண்ணா. டூப்ளிகேட்டுங்களா?" என்றார். டூப்ளிகேட் இல்லை, விட்வொர்த், அதாவது பழைய இங்கிலாந்து போல்ட் அளவுமுறை. அதில் இருக்கும் எண் போல்ட் தண்டின் விட்டம். கால் இன்ச் விட்வொர்த் போல்ட்டின் தலை ஏறக்குறைய 13.3 மில்லிமீட்டர். 13 ஸ்பேனர் ஏறாது. 14 போட்டால் வழுக்கி, தலையின் மூலையெல்லாம் மழுங்கிவிடும். பழைய இங்கிலாந்து லேத்தோ பழைய புல்லட்டோ வைத்திருப்பவருக்கு இந்த ஸ்பேனர் இல்லாமல் கை ஓடாது. பழைய புல்லட்களைப் பிரித்து ஓட வைக்கும் ஒருவர் ஆறையும் 2,400 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். மொத்த எடையில் அவை ஒன்றரைக் கிலோகூட வராது.

அதே பெட்டியில் இருந்த மில்லிமீட்டர் ஸ்பேனர்களுக்கு அந்த மரியாதை கிடையாது. அவை எந்த ஹார்டுவேர் கடையிலும் புதிதாகக் கிடைக்கும். அதனால் இன்றைய புது விலையில் பாதிதான் என் உச்சம். வாய் விரிந்திருந்தால் அதுவும் இல்லை. தேய்ந்த அரங்களைத் தனியாக வையுங்கள். நல்ல அரம் உயர்கார்பன் ஸ்டீல், கத்தி அடிக்கும் கொல்லர்கள் கேட்டு வாங்குவார்கள்.

0–25 மில்லிமீட்டர் வரை நுணுக்கமாக அளக்கும் மைக்ரோமீட்டர் ஒன்றும் இருந்தது. அளக்கும் இரண்டு முகங்களையும் வெள்ளைத்தாளால் துடைத்து, முனையில் இருக்கும் ராட்செட் திருகைச் சுற்றி மூடினால் பூஜ்யம் ஒரு கோடு தள்ளி நின்றது. இதற்காக விலையை அடிமாட்டுக்குக் கேட்பவர்கள் உண்டு. பூஜ்யத்தைச் சின்னச் சாவியால் திருப்பி வைத்துவிடலாம், அது குறையே இல்லை. முகத்தில் குழியோ சில்லு பெயர்ந்த அடையாளமோ இருந்தால்தான் விலை விழும்.

இனி மனசு கஷ்டப்பட்ட விஷயம். நான் வருகிறேன் என்று தெரிந்ததும் மகன் இரண்டு உளிகளை கிரைண்டரில் போட்டுப் 'பளபளப்பாக' வைத்திருந்தார். முனை இரண்டும் நீலம். கார்பன் ஸ்டீல் 300 டிகிரி அளவுக்குச் சூடேறினால் அந்த நிறம் வரும். வந்தால் உளிக்கு வேண்டிய கடினம் போய்விட்டது என்று அர்த்தம். 400 ரூபாய் உளியை 100-க்குத்தான் எடுக்க முடிந்தது. நீலமாகிப்போன பகுதி முழுவதையும் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்தெடுக்க வேண்டும், உளி அவ்வளவு குட்டையாகிவிடும். விற்க நினைத்தால் தூசியைத் தட்டி, துணியில் மெஷின் ஆயில் தொட்டுத் துடையுங்கள், போதும். துரு எனக்குப் பயமில்லை. அதற்கு வினிகரும் பித்தளைப் பிரஷ்ஷும் இருக்கிறது.

போட்டோவில் விற்பவர்கள் குறையையும் போட்டோ எடுத்துப் போடுங்கள். காளான் மாதிரி தலை விரிந்த வெட்டுளியைச் சொல்லாமல் விற்காதீர்கள். அடிக்கும்போது சில்லு தெறித்துக் கண்ணுக்குப் போகும்.

அப்புறம், ஃபிட்டர்கள் தங்கள் டூலில் பெயரின் முதலெழுத்தைப் பஞ்ச்சில் அடித்து வைப்பார்கள். இந்தப் பெட்டியில் எல்லாவற்றிலும் ஒரே இரண்டு எழுத்து. ஒவ்வொன்றிலும் வேறு வேறு எழுத்து இருந்து, கொண்டுவந்தவர் பதில் சொல்லத் தடுமாறினால் நான் தொடுவதில்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவில் வாங்கியவரும் மாட்டுவார்.

பெட்டியில் ஒரு ஸ்டான்லி 5-ஆம் நம்பர் இழைப்புளியும் இருந்தது. 14 இன்ச் நீளம், பிளேடு பாதிக்குமேல் மிச்சம். பார்த்த சந்தோஷத்தில் அந்த அம்மாவிடம் 1,800 போகும் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெயில் கழுவியபோதுதான் பிளேடு வெளியே வரும் வாய்ப்பக்கத்தில் முடி மாதிரி ஒரு விரிசல் தெரிந்தது. என்றைக்கோ கீழே விழுந்திருக்கிறது. வார்ப்பிரும்பு, ஒட்டவைத்தாலும் பழைய மாதிரி வராது. விரிசலைக் காட்டித்தான் விற்பேன் என்று போன் செய்து சொன்னேன். "சரிங்க தம்பி, வர்றது வரட்டும்" என்றார். இதுவரை 700-க்கு மேல் யாரும் கேட்கவில்லை.